எஞ்சின் நின்றால் விமானம் விழாது

"நடுவானில் எஞ்சின் நின்றது, விமானம் விழுந்தது." சிறிய விமானம் ஒன்று வயலிலோ நெடுஞ்சாலையிலோ இறங்கிவிட்டால் மறுநாள் செய்தி இப்படித்தான் வருகிறது. உள்ளே இருந்தவர்கள் உயிரோடு இருந்தால் கூடவே "அதிர்ஷ்டவசமாக" என்ற சொல்லும் வரும். தலைப்பில் "அதிசயம்" என்றும் போடுவார்கள். எஞ்சின் நின்றதற்கும் விமானம் தரையைத் தொட்டதற்கும் நடுவில் எதுவுமே நடக்கவில்லை என்பதுபோல. எஞ்சின்தான் விமானத்தை மேலே பிடித்து வைத்திருக்கிறது, அது நின்றால் கைநழுவிய கல்லைப்போல விமானம் விழும், விழுந்தும் ஒருவர் பிழைத்தால் அது தெய்வாதீனம். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிலிருந்து பொறியியல் படித்தவர்வரை இதைத்தான் நம்புகிறார்கள்.

இந்த நம்பிக்கை தவறு. வெறும் அறியாமை என்றால் விட்டுவிடலாம், யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் இதே நம்பிக்கை விமானியின் மனத்திலும் ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கிறது. எஞ்சின் நிற்கும் நிமிடத்தில் அது எழுந்துவந்து அவர் கையைப் பிடித்து இழுக்கிறது. எஞ்சின் நின்ற சிறு விமானங்களில் இறந்தவர்களில் பலரைக் கொன்றது நின்ற எஞ்சின் அல்ல, அதன்பின் பயத்தில் செய்த காரியங்கள். ஆகவே இதை மறுத்தாக வேண்டும்.

விமானத்தைத் தாங்குவது இறக்கை. இறக்கையின்மேல் காற்று போதிய வேகத்தில் ஓடும்வரை அது தாங்கும். அந்த வேகம் எங்கிருந்து வருகிறது என்று இறக்கை கேட்பதில்லை. நேர்மட்டமாகப் பறக்கும்போது எஞ்சின் தருகிறது, எஞ்சின் நின்றுவிட்டால் உயரம் தருகிறது. ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போது எஞ்சினை அணைத்துவிட்டுப் பெட்ரோல் மிச்சம் பிடிப்பவர்களைப் பார்த்திருக்கிறோம். (செய்யவே கூடாத காரியம் அது. பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போய்விடும்.) அங்கே மலைச்சரிவே வண்டியை ஓட்டுகிறது. விமானத்துக்கு மலை தேவையில்லை. மூக்கைச் சற்றுத் தாழ்த்தினால் காற்றிலேயே சரிவு கிடைத்துவிடும். ரைட் சகோதரர்கள் 1902-இல் கிட்டி ஹாக் மணல்மேடுகளில் எஞ்சினே இல்லாத விமானத்தில் நூற்றுக்கணக்கான முறை பறந்து இறங்கிப் பழகினார்கள். எஞ்சின் பொருத்தியது அடுத்த ஆண்டில்தான். முதலில் இறங்கக் கற்றார்கள், பிறகு ஏறினார்கள்.

கணக்காகவே பார்க்கலாம். உலகில் மிக அதிகமாகச் செய்யப்பட்ட விமானம் செஸ்னா 172. நான்கு பேர் உட்காரலாம், ஒற்றை எஞ்சின். இது எஞ்சின் நின்ற நிலையில் ஓர் அடி இறங்குவதற்குள் ஏறத்தாழ ஒன்பது அடி முன்னே போகும். அதற்கு விமானி ஏறக்குறைய 65 நாட் வேகத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும், அதாவது மணிக்கு 120 கிலோமீட்டர். காற்றில்லாத நாளில் 3,000 அடி உயரத்தில் எஞ்சின் நின்றால் எட்டு கிலோமீட்டர் தூரம் போகலாம், நான்கு நிமிடம் கையில் இருக்கிறது. அந்த எட்டு கிலோமீட்டரை எந்தத் திசையில் செலவிடலாம் என்பதும் விமானியின் விருப்பம். சுற்றிலும் 200 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட நிலம் அவர் கைக்கெட்டும் தூரத்தில் விரிந்து கிடக்கிறது. இதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் "விழுதல்".

நான் பயிற்சி எடுத்த நாட்களில் ஒரு காலை, பேச்சுக்கு நடுவே ஆசிரியர் கையை நீட்டி த்ராட்டிலை முழுக்கப் பின்னுக்கு இழுத்துவிட்டார். எஞ்சின் முணுமுணுக்கும் அளவுக்குத் தணிந்தது. "எஞ்சின் போச்சு. எங்கப்பா இறங்கப் போறே?" என்றார். நான் எதற்கும் முன்னால் த்ராட்டிலைத் திரும்பத் தள்ளப் போனேன். அவர் கை அங்கேயே இருந்தது. பிறகு மூக்கைத் தூக்கிப் பிடித்தேன், தரையைவிட்டு விலகியிருக்கலாம் என்ற நப்பாசையில். அவர் அதட்டவில்லை. வேகமானியை மட்டும் விரலால் தட்டிக் காட்டினார், முள் சரிந்துகொண்டிருந்தது. "மூக்கை இறக்கு. வேகம்தான் உன் உசிரு. முதல்ல அதைப் பிடி, அப்புறம் நிலத்தைப் பாரு."

நிலத்தைப் பார்ப்பது என்பதை அன்றுதான் கற்றேன். மேலிருந்து பார்க்கும்போது தார்ச்சாலை மாதிரி ஆசை காட்டுவது வேறில்லை. கறுப்பாக, நேராக, ஓடுபாதையின் தங்கையைப்போல இருக்கும். ஆனால் சாலையோரம் மின்கம்பம் இருக்கிறது, குறுக்கே கம்பி போகிறது, கம்பியோ கண்ணுக்குத் தெரிவதற்குள் மூக்குக்கு முன் வந்துவிடும். சாலையில் ஜனங்கள் போகிறார்கள், அவர்கள் நம்முடைய ஆபத்தில் பங்கு கேட்டு வரவில்லை. அறுவடை முடிந்து தாள் நிற்கும் வயல் நல்லது. தரிசு நல்லது, ஓடைக்குழி இல்லாமல் இருந்தால். உழுத நிலமென்றால் உழவுச்சால் ஓடும் திசையில் இறங்க வேண்டும், குறுக்கே இறங்கினால் முன்சக்கரம் புதைந்து விமானம் குப்புறக் கவிழும். நாற்று நட்டுத் தண்ணீர் நிற்கும் வயல் பச்சைக் கம்பளம்போலத் தெரியும், சேற்றில் சக்கரம் சிக்கிக்கொள்ளும். வரப்பு எந்தப் பக்கம் ஓடுகிறது, வீட்டுப் புகை எந்தப் பக்கம் சாய்கிறது, அதிலிருந்து காற்று எங்கிருந்து வருகிறது. நம் ஊர் விவசாயி ஒருவரை அந்த இருக்கையில் உட்காரவைத்தால் நிலம் தேர்ந்தெடுப்பதில் என்னை வென்றிருப்பார். இத்தனையும் முடிவு செய்து, எரிபொருள் தாங்கியை மாற்றிப் பார்த்து, ரேடியோவில் சொல்லி, கதவைச் சற்றுத் திறந்து வைத்துக்கொண்டு இறங்கும் வேலை அது. 500 அடியில் அவர் த்ராட்டிலைத் திரும்பத் தந்தார், மேலே ஏறினோம். தனியார் விமானி உரிமம் வாங்க வருகிற ஒவ்வொரு மாணவரும் இதைத் திரும்பத் திரும்பச் செய்து காட்ட வேண்டும். அதிசயத்துக்குப் பாடத்திட்டம் கிடையாது. இதற்கு இருக்கிறது.

ஒரு சொல்லையும் இங்கே சரிசெய்ய வேண்டும். "ஸ்டால்" என்றால் நமக்கெல்லாம் வண்டி சிக்னலில் ஆஃப் ஆகி நிற்பது. விமானத்தில் அந்தச் சொல்லுக்கும் எஞ்சினுக்கும் சம்பந்தமில்லை. வேகம் மிகவும் குறைந்தோ, மூக்கு அளவுக்கு மீறி உயர்ந்தோ இறக்கையின் மேற்பரப்பைக் காற்று விட்டுப் பிரிந்துவிட, இறக்கை தாங்கும் திறனை இழப்பதுதான் விமான ஸ்டால். எஞ்சின் முழு வேகத்தில் உறுமிக்கொண்டிருக்கும்போதும் விமானம் ஸ்டால் ஆகும், எஞ்சின் செத்துக் கிடக்கும்போதும் ஆகாமல் இருக்கும். விபத்து அறிக்கையில் "ஸ்டால் ஆகி விழுந்தது" என்றிருப்பதைச் செய்தியாளர் "எஞ்சின் நின்று விழுந்தது" என்று எழுதும்போது கொன்றது எது, கொல்லாதது எது என்பதே தலைகீழாகிவிடுகிறது. விமானம் உண்மையிலேயே விழுவது ஸ்டாலில்தான். திருப்பத்தின் நடுவே ஒரு இறக்கை முதலில் தளர்ந்தால் விமானம் சுழன்றுகொண்டு விழும். தாழ்ந்த உயரத்தில் அதிலிருந்து மீள இடமிருக்காது.

1997 அக்டோபர் 12 அன்று கலிபோர்னியாவின் மான்டரே விரிகுடாவில் பாடகர் ஜான் டென்வர் இறந்தது, கொல்வது நின்ற எஞ்சின் அல்ல என்பதற்குச் சாட்சி. அவர் அப்போதுதான் வாங்கியிருந்த லாங்-ஈஸி விமானம் தனிநபர் ஒருவர் வீட்டில் கட்டியது. மூல வடிவமைப்பில் எரிபொருள் தாங்கியை மாற்றும் திருகு விமானிக்குக் கைக்கெட்டும் இடத்தில், முன்பக்கம் இருந்தது. கட்டியவர் அதை விமானியின் இடது தோளுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்துவிட்டார். நம் ஊரில் பழைய பைக் ஓட்டிய யாருக்கும் இதன் அபாயம் சட்டென்று புரியும். ஓடிக்கொண்டிருக்கும்போது வண்டி திக்கினால் கண்ணைச் சாலையிலிருந்து எடுக்காமலே இடதுகையை முழங்காலருகே இறக்கி ரிசர்வுக்குத் திருப்பி விடுவோம். அந்தத் திருகு முதுகுக்குப் பின்னால் இருந்தால்? டென்வர் வலதுகையைக் கட்டுப்பாட்டுக் கைப்பிடியிலிருந்து எடுத்து, உடலை முறுக்கி, இடது தோளுக்குமேல் பின்னால் எட்ட வேண்டும். அப்படித் திரும்பும்போது வலதுகால் தன்னையறியாமல் சுக்கான் மிதியை அழுத்தும் என்பதை விசாரணை அதிகாரிகள் அதே மாதிரி இருக்கையில் உட்கார்ந்து பார்த்துக் கண்டுபிடித்தார்கள். கிளம்பும் முன் எரிபொருள் நிரப்பவில்லை. எரிபொருள் அளவைக் காட்டும் குழாயும் பின்னால்தான், குறியீடு இல்லாமல். எஞ்சின் சத்தம் குறைந்ததைக் கரையிலிருந்து கேட்டவர்கள் உண்டு. பிறகு சில நூறு அடி உயரத்தில் இருந்த விமானம் திடீரென்று சாய்ந்து கடலில் மோதியது.

அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் எழுதிய தீர்ப்பில் முதலில் நிற்பது எஞ்சின் அல்ல. திருகைத் திருப்பப் போனதில் விமானம் ஓட்டுவதிலிருந்து கவனம் சிதறியது, சுக்கானைத் தெரியாமல் மிதித்தது, கட்டுப்பாடு போனது. அடுத்து எரிபொருள் நிரப்பாதது. பிறகு திருகு இருந்த இடம், குறியில்லாத அளவுக்குழாய், புது விமானத்தில் போதாத பழக்கம். லாங்-ஈஸி மிகத் தொலைவு மிதந்து செல்லக்கூடிய விமானம். அன்று எப்படியாவது எஞ்சினை மீண்டும் ஓடவைக்க வேண்டும் என்பதைவிட, ஓடாவிட்டாலும் விமானத்தை நேராகப் பிடித்திருக்கலாம் என்பது முதலில் மனத்தில் தோன்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் "எஞ்சின் நின்றதால் இறந்தார்" என்று யாரும் சொல்லவும் முடியாது.

இதைவிட அதிகமானவர்களைப் பலிகொள்வது திரும்பும் ஆசை. ஓடுபாதையைவிட்டு எழுந்த ஒரு நிமிடத்துக்குள் எஞ்சின் நிற்கிறது. பின்னால், அதோ, பழகிய ஓடுபாதை. முன்னால் வேலியும் மரமும் யாரோ ஒருவருடைய கொல்லையும். எஞ்சின் இல்லாவிட்டால் செத்தோம் என்று நம்புகிறவருக்குத் திரும்புவதைத் தவிர வேறெதுவும் தோன்றாது. ஆனால் திரும்புவது என்பது வெறும் பாதி வட்டம் அல்ல. விமானம் ஓடுபாதையின் பக்கவாட்டில் போய்விடுவதால் அதற்கும் மேலே சுற்றி, மீண்டும் எதிர்ப்பக்கம் ஒடித்து நேராக்க வேண்டும். சீக்கிரம் திரும்பவேண்டி அதிகமாகச் சாய்ப்பார்கள். 45 பாகை சாய்த்தால் இறக்கை தாங்கவேண்டிய சுமை 1.4 மடங்கு, ஸ்டால் ஆகும் வேகம் ஏறத்தாழ 19 சதவீதம் கூடிவிடும். 60 பாகை சாய்த்தால் சுமை இரண்டு மடங்கு. ஒரு நிமிடத்துக்கு முன் பாதுகாப்பாக இருந்த அதே வேகம் இப்போது போதாது. உயரம் கரைகிறது, மூக்கைத் தூக்கத் தோன்றுகிறது, தூக்குகிறார்கள். மீதி அறிக்கையில் இருக்கும். போதிய உயரத்தில், முன்பே அளந்து பழகியவர் திரும்பலாம். பழகாதவர் நேரே முன்னால், இரண்டு பக்கமும் சற்றே ஒதுங்கி, கிடைத்த இடத்தில் இறங்க வேண்டும். அந்த இடத்தில் விமானம் நொறுங்கலாம். நொறுங்கட்டும்.

அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் பயிற்சிக் கையேடு இந்த இடத்தில் விமானியின் மனத்தைப் பற்றி மூன்று விஷயங்களை எச்சரிக்கிறது. நடந்ததை ஏற்க மனம் மறுப்பது. விமானத்தைக் காப்பாற்ற நினைப்பது. காயம்படுமே என்று மிதமிஞ்சிப் பயப்படுவது. இவற்றில் இரண்டாவது நம்முடைய பழமொழியில் எப்போதோ தீர்க்கப்பட்டுவிட்டது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போகட்டும். இறக்கை, வால், சக்கரம் எல்லாம் தலைப்பாகைதான். இரண்டு மரங்களுக்கு நடுவே உடலை விட்டு இறக்கைகளை மரங்களுக்குக் கொடுத்துவிடு என்று பயிற்சியில் சொல்வார்கள். மோதலின் வேகத்தை அவை உறிஞ்சிக்கொள்ளும், ஆட்கள் இருக்கும் கூடு நிற்கும். அதே கையேட்டில் ஒரு கணக்கும் இருக்கிறது. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் தரைதொட்ட விமானம், உடல் தாங்கக்கூடிய ஒன்பது மடங்கு ஈர்ப்பு விசை அளவில் சீராக நிற்க ஏறக்குறைய ஒன்பதரை அடி போதும். வேகம் இரண்டு மடங்கானால் தேவையான தூரம் நான்கு மடங்கு. செஸ்னா 172 இறக்கையின் பின்விளிம்புத் தகடான ஃப்ளாப்பை முழுக்க இறக்கிக்கொண்டு எதிர்காற்றில் தரைதொடும்போது நிலத்தின்மேல் அதன் வேகம் பல நேரம் நெடுஞ்சாலையில் போகும் மோட்டார் சைக்கிளின் வேகத்தைவிடக் குறைவு. அந்த வேகத்தில், வார் கட்டியிருக்கும் மனிதர், மெள்ள மெள்ள நொறுங்கும் கூட்டுக்குள். பிழைப்பதில் என்ன அதிசயம்?

ஹாரிசன் ஃபோர்டின் கதையை இந்த இடத்தில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதிசயம் என்ற சொல்லால் நாம் எதை இழக்கிறோம் என்பதை அது முழுதாகக் காட்டுகிறது. 2015 மார்ச் 5. லாஸ் ஏஞ்சலஸ் அருகே சான்டா மோனிகா விமான நிலையம். இரண்டாம் உலகப்போர்க் காலத்துப் பயிற்சி விமானமான ரயன் பிடி-22-இல் அந்த 72 வயது நடிகர் தனியாக எழுகிறார். ஏறத்தாழ 1,100 அடியில் எஞ்சின் சக்தி இழக்கிறது. உடனே திரும்புவதாகக் கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்குச் சொல்கிறார், வேகத்தைக் காத்துக்கொண்டு இடப்பக்கம் திரும்புகிறார். பாதியில் ஓடுபாதைக்கு எட்டாது என்று தெரிகிறது. இங்கேதான் அவர் பிழைத்தார். எட்டாததை எட்டப் பார்க்காமல் பென்மார் கோல்ஃப் மைதானத்தைத் தேர்ந்தெடுத்தார். மரத்தின் உச்சியில் உரசி விமானம் புல்தரையில் மோதியது. எலும்புகள் முறிந்தன, உயிர் இருந்தது. உலகச் செய்திகளுக்கு அவர் மரணத்தின் வாயிலிலிருந்து மீண்ட நாயகன்.

விசாரணை அதிகாரிகள் எஞ்சினைப் பிரித்தார்கள். கார்புரேட்டரின் மெயின் ஜெட் மரை கழன்று விலகிக் கிடந்தது. தெருமுனை மெக்கானிக் கடையில் வண்டி கொடுத்துவிட்டுக் காத்திருந்தவர்களுக்கு மெயின் ஜெட் என்னவென்று தெரியும். பித்தளையில் நகக்கணு அளவு துண்டு, நடுவில் ஊசித்துளை. அதன் வழியாக அளந்து போகவேண்டிய பெட்ரோல் அளவில்லாமல் போனது, கலவை தடித்து எஞ்சின் மூச்சடைத்தது. கார்புரேட்டர்களின் இந்தப் பாகத்தை நீண்டகாலப் பயன்பாட்டில் எப்படிப் பராமரிப்பது என்பதற்குச் சரியான அறிவுறுத்தல் இல்லாததையும் வாரியம் காரணமாகச் சொன்னது. இன்னொன்றும் சொன்னது. ஃபோர்டின் தோள்வார் பொருத்தப்பட்ட விதம் தவறு. வலுவான சட்டத்தில் மாட்டாமல் இருக்கையின் முதுகுத் தகட்டில் மாட்டியிருந்தார்கள், மோதலில் அது பிய்ந்துவந்தது. அவருக்குப் பட்ட காயங்களின் கடுமைக்கு அதுவே காரணங்களில் ஒன்று.

அதிசயம் என்று சொல்லி முடித்திருந்தால் இந்த ஜெட்டையும் வாரையும் யார் தேடியிருப்பார்கள்? பழைய விமானங்களை வைத்திருக்கும் நூற்றுக்கணக்கானவர்கள் தங்கள் கார்புரேட்டரைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று யார் சொல்லியிருப்பார்கள்? தெய்வத்தின்மேல் பாரத்தைப் போட்டால் பட்டறையின்மேல் கேள்வி வராது.

பெரிய விமானங்களிலும் இதே கதைதான். 1983 ஜூலை 23 அன்று ஏர் கனடாவின் போயிங் 767 ஒன்றில் 41,000 அடி உயரத்தில் எரிபொருள் தீர்ந்தது. கிலோகிராமில் கணக்கிட வேண்டியதைப் பவுண்டில் கணக்கிட்டிருந்தார்கள். கேப்டன் பாப் பியர்சன் கிளைடர் ஓட்டிப் பழகியவர். கிம்லி என்ற ஊரின் பழைய விமானப்படைத் தளத்தில் 69 பேரையும் உயிரோடு இறக்கினார். பழுதுபார்க்கப்பட்ட அந்த விமானம் 2008 வரை சேவையில் இருந்தது. 2009-இல் நியூயார்க்கின் ஹட்சன் ஆற்றில் 155 பேரோடு இறங்கிய விமானி சல்லன்பெர்கரும் கிளைடரில் பயிற்சி பெற்றவர்தான். பறவைகள் மோதி இரண்டு எஞ்சின்களும் போனபின், அருகிலிருந்த ஓடுபாதைகள் எட்டாது என்று சீக்கிரம் முடிவெடுத்து நீளமான, தடையில்லாத ஆற்றைத் தேர்ந்தார். அதற்கு உலகம் வைத்த பெயர் "ஹட்சன் அதிசயம்".

எதிர்வாதம் தெரியும். 2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் என்ன நடந்தது என்று கேட்பார்கள். ஓடுபாதையைவிட்டு எழுந்த சில விநாடிகளில் பயணிகள் விமானம் ஒன்றின் இரண்டு எஞ்சின்களும் விசை இழந்தன, சில நூறு அடி உயரம், கீழே முழுக்கக் கட்டடங்கள். தரையில் இருந்தவர்களையும் சேர்த்து 260 பேர் இறந்தார்கள். அந்தத் துயரத்தின் முன் நான் எந்த வாதமும் வைக்கப் போவதில்லை. உயரமும் வேகமும் இடமும் இல்லாத நிலையில் எந்தத் திறமையும் போதாது. இரவில், அடர்ந்த காட்டின்மேல், மலைப் பள்ளத்தாக்கில், கரை எட்டாத கடலின்மேல் ஒற்றை எஞ்சின் நின்றால் சாவு அருகில்தான் இருக்கிறது. எந்தக் கட்டாயத் தரையிறக்கத்திலும் முதுகெலும்பு முறியலாம், தீப்பிடிக்கலாம். நான் மறுப்பது ஆபத்தை அல்ல. ஆபத்து எங்கே இருக்கிறது என்று நாம் காட்டும் விரலை மறுக்கிறேன். அகமதாபாத்திலும் உயிர்கள் போனதற்கு உயரமின்மையும் அடியில் நெருங்கிக் கிடந்த நகரமும் காரணங்கள். அவற்றைப் பற்றிப் பேசாமல் "எஞ்சின் நின்றால் அவ்வளவுதான்" என்று கையை விரிப்பது இறந்தவர்களுக்கும் செய்யும் மரியாதை ஆகாது.

அப்படியானால் இரண்டு எஞ்சின் உள்ள சிறு விமானம் வாங்கிவிட்டால் போதுமே என்பவர்கள் இருக்கிறார்கள். பணமுள்ளவர்கள் வாங்கவும் செய்கிறார்கள். இரண்டில் ஒன்று நின்றால் மற்றது ஒரு பக்கமாக இழுக்கும். வேகம் ஓர் அளவுக்குக் கீழே போய்விட்டால் சுக்கானால் அந்த இழுப்பைத் தடுக்க முடியாது, விமானம் புரண்டு கவிழும். இரட்டை எஞ்சின் விமானத்தை ஓட்டுகிறவர் ஒற்றை எஞ்சின்காரரைவிட அதிகமாகப் பயிற்சி செய்தால்தான் அந்த இரண்டாவது எஞ்சின் அவருக்கு உதவும். பயத்தை விலைகொடுத்து விரட்ட முடியாது.

செலவழிக்க வேண்டிய இடம் வேறு. எஞ்சின்கள் பெரும்பாலும் மர்மமாக நிற்பதில்லை. பல நேரம் எரிபொருள் தீர்ந்தோ, ஒரு தாங்கியில் இருந்தும் திருகை மாற்றாமலோ நிற்கின்றன. எரிபொருள் நிர்வாகக் குறைபாட்டால் ஆண்டுக்குச் சராசரியாக 50-க்கும் மேற்பட்ட விபத்துகள் நடப்பதாக அமெரிக்க வாரியம் 2017-இல் எச்சரித்தது. பெரும்பான்மையில் தவறு விமானியுடையது. ஏணி வைத்து ஏறித் தாங்கிக்குள் குச்சிவிட்டுப் பார்த்திருந்தால் நடந்திருக்காத விபத்துகள் அவற்றில் பல. இன்னொரு காரணத்தை நம் ஊரில் சொன்னால் சிரிப்பார்கள், கார்புரேட்டரில் பனிக்கட்டி. பெட்ரோல் ஆவியாகும்போதும் குறுகிய தொண்டையில் காற்று விரையும்போதும் உள்ளே வெப்பம் முப்பது பாகைக்கு மேல் குறையக்கூடும். காற்றில் ஈரம் இருந்தால் வெளியே வேர்த்துக் கொட்டும் வெயிலிலும் உள்ளே பனி படிந்து காற்றுவழியை அடைக்கும். எஞ்சின் தளரும், அதிரும், நிற்கும். தரையில் இறங்கிப் பிரித்துப் பார்க்கும்போது பனி உருகிப் போயிருக்கும், பழுது எதுவும் தென்படாது. அதைத் தடுக்க ஒரு குமிழ் இருக்கிறது, இழுத்தால் சூடான காற்று உள்ளே போகும். அந்தக் குமிழை இழுக்கும் பழக்கம் ஒரு எஞ்சினின் விலைக்குச் சமம்.

கடைசியாக நிலத்தைப் பற்றி. ஃபோர்டின் விபத்துக்குப் பிறகு சான்டா மோனிகா விமான நிலையத்தை மூட வேண்டும் என்ற பழைய குரல் மேலும் ஓங்கியது. அங்கே வாழ்கிறவர்களின் சத்தத் தொல்லையும் ஈயம் கலந்த பெட்ரோலின் புகையும் நியாயமான குறைகள், அவற்றை நான் தள்ளவில்லை. 2017-இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி ஓடுபாதை 4,973 அடியிலிருந்து 3,500 அடியாகக் குறுக்கப்பட்டது, 2028 டிசம்பர் 31-க்குப் பிறகு நகரம் அதை மூடிக்கொள்ளலாம். ஆனால் "விமானம் வீடுகளின்மேல் விழப் பார்த்தது, அதிசயமாகத் தப்பினோம்" என்று அந்த விபத்தைச் சாட்சிக்கு இழுப்பதை ஏற்க மாட்டேன். வீடுகள் தப்பியதற்குக் காரணம் ஓடுபாதையின் முனைக்கு அப்பால் யாரோ மிச்சம் வைத்திருந்த ஒரு புல்வெளி. எந்த ஊரில் விமான நிலையம் இருந்தாலும் ஓடுபாதையின் இரு முனைகளிலும் வெறும் நிலம் விட்டுவைப்பது விமானத்தில் போகிறவரைவிடக் கீழே குடியிருப்பவருக்குத்தான் முதல் பாதுகாப்பு. அந்த நிலத்தைக் கண்ணெதிரே மனைபோட்டு விற்கவிட்டு, பிறகு வானத்தைப் பார்த்துப் பயப்படுகிறோம்.

செய்தி எழுதும் தம்பி தங்கைகளிடம் கேட்கிறேன். அடுத்தமுறை வயலில் ஒரு சிறு விமானம் இறங்கிக் கிடக்கும்போது அங்கே போய் நில்லுங்கள். எத்தனை அடியில் எஞ்சின் நின்றது, தாங்கியில் எவ்வளவு பெட்ரோல் இருந்தது, தோள்வார் எதில் மாட்டியிருந்தது, கடைசியாக அந்தக் கார்புரேட்டரை யார் எப்போது பிரித்தார்கள் என்று கேளுங்கள். பதில் அன்றே கிடைக்காது. ஓராண்டு கழித்து விசாரணை அறிக்கை வெளிவரும், அன்று அந்த வயலை எல்லாரும் மறந்திருப்பார்கள். நீங்கள் மறக்காமல் அதை எடுத்துப் படித்து, முதல்நாள் செய்தி வந்த அதே பக்கத்தில் எழுதுங்கள்.